பழைய காரும் படித்தவர் கைகளும்

புறநானூற்றின் 102-ஆம் பாட்டில் ஔவையார் உப்பு வணிகரின் வண்டியொன்றைக் காட்டுகிறார். எருதுகளோ நுகத்துக்குப் பழகாத இளையவை. வண்டியிலோ பாரம் மிகுதி. வழியில் மேடும் பள்ளமும் உண்டு. எந்த இடத்தில் என்ன நேருமோ, யாரும் அறியார். ஆகவே உமணர் வண்டியின் அடியில் மற்றோர் அச்சையும் கட்டிக்கொண்டு செல்கின்றனர். அதற்குச் 'சேம அச்சு' என்று பெயர். அதியமானின் மகன் பொகுட்டெழினியை அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிட்டுப் புகழ்வதே புலவரின் நோக்கம். எனினும், நமக்கு அப்பாட்டில் வேறொரு செய்தியும் கிடைக்கிறது. வண்டியை ஓட்டியவரே அதன் அச்சின் இயல்பையும், அது முறியும் இடத்தையும், முறிந்தால் மாற்றும் முறையையும் அறிந்திருந்தார். அச்சை மாற்றத் தெரியாதவர் அதைச் சுமந்து சென்று பயன் என்ன?

இன்றைய கார்களிலும் ஒரு சேமச் சக்கரம் உண்டு. அதை 'ஸ்டெப்னி' என்கிறோம். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் உள்ள லனெல்லி என்னும் ஊரில், ஸ்டெப்னி தெருவில், 1904-ஆம் ஆண்டளவில் தொடங்கிய ஒரு தொழிலின் பெயர் அது. தெருவின் பெயர் சக்கரத்துக்கு ஆகி, கடல் கடந்து வந்து, நம் பட்டறைத் தமிழில் நிலைத்துவிட்டது. சொல் நிலைத்தது, ஆனால் செயல் நிலைத்ததா? கார் வைத்திருக்கும் படித்தவர்களுள் அந்தச் சக்கரத்தைத் தம் கையால் கழற்றி மாட்டத் தெரிந்தவர் சிலரே. தெரியாமையை விடவும் வருந்தத்தக்கது, அது தமக்குரிய வேலை அன்று என்னும் எண்ணம்.

பழைய சிறிய கார் ஒன்றை வைத்திருப்பவர் அதன் எளிய பராமரிப்பைத் தாமே செய்யப் பழக வேண்டும். எந்த இடத்தில் தம் கையை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். இதுவே இக்கட்டுரையில் நாம் வலியுறுத்த விரும்பும் கருத்து.

பழைய கார் ஏன்?

அம்பாசிடரும் பிரிமியர் பத்மினியும் சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் ஓடிய நம் சாலைகளில், 1983 டிசம்பரில் மாருதி 800 வந்து சேர்ந்தது. மூன்று சிலிண்டர்; 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவு. 1986-இல் அதன் உடலமைப்பு மாறியது. 2014 ஜனவரியில் அதன் உற்பத்தி நின்றது. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் சிறு வணிகர்களும் தம் வாழ்நாளின் முதல் காராக வாங்கியவற்றுள் அதற்குத் தனி இடம் உண்டு. பல வீடுகளின் முற்றத்தில் அது இன்னும் நிற்கிறது.

இவ்வகைக் காரின் சிறப்பு அதன் எளிமை. முன்மூடியைத் தூக்கினால் ரேடியேட்டர், பேட்டரி, காற்று வடிகட்டி, கார்புரேட்டர், பிளக்குகள் ஆகியவை கண்ணுக்குத் தெரியும், கைக்கும் எட்டும். 2000-ஆம் ஆண்டையொட்டிக் கார்புரேட்டர் விலகி, கணிப்பொறி வழி எரிபொருள் செலுத்தும் முறை வந்தது. அதன் பின்னர் வந்த கார்களில் பல உறுப்புகள் நெகிழி மூடிகளுக்கு அடியில் மறைந்தன. பழுதின் காரணத்தைக் கருவி சொல்ல, நாம் கேட்டுக்கொள்ளும் நிலை உண்டாயிற்று. பழைய காரோ தன் குறையை ஒலியாலும் மணத்தாலும் நிறத்தாலும் தானே சொல்கிறது. நோயையும், நோயின் காரணத்தையும், தீர்க்கும் வழியையும் முறையே ஆராய வேண்டும் என்று வள்ளுவர் மருத்துவருக்குச் சொன்ன நெறியை, கற்பவர் தம் கையாலேயே பயின்று பார்க்க இதனினும் எளிய களம் கிடைப்பது அரிது.

கையால் செய்யத்தக்கவை

முதலாவது எஞ்சின் ஆயில். காரைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் பொறுத்து, ஆயில் அளவுகோலை உருவித் துணியால் துடைத்து, மறுபடி முழுவதும் செருகி எடுத்துப் பார்க்க வேண்டும். இரு குறிகளுக்கு இடையே ஆயில் நின்றால் போதும். மேற்குறியைத் தாண்டி ஊற்றுவது அக்கறை ஆகாது, அதுவும் கேடே. ஆயில் கறுத்திருப்பதைக் கண்டு உடனே அஞ்ச வேண்டியதில்லை. எஞ்சினின் கரியைத் தன்னுள் வாங்கிக்கொள்வது அதன் பணிகளுள் ஒன்று. ஆனால் அது மோர்போல் வெளுத்திருந்தால், தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். அதன்பின் காரை ஓட்டாமல் மெக்கானிக்கை அழைப்பதே அறிவுடைமை.

இரண்டாவது ரேடியேட்டர். சூடாக இருக்கும்போது அதன் மூடியைத் திறக்கவே கூடாது. மூடி அழுத்தத்தைத் தேக்கி வைப்பதால், உள்ளிருக்கும் நீர் 100 பாகை செல்சியஸைக் கடந்தும் கொதிக்காமல் நிற்கிறது. மூடி திறந்த கணத்தில் அழுத்தம் நீங்கி, கொதிநீரும் ஆவியும் முகத்தில் சீறும். நம் ஊர்களில் மற்றொரு கேடும் உண்டு. கிணற்று நீரும் ஆழ்துளைக் கிணற்று நீரும் பல இடங்களில் உப்பு மிகுந்தவை. தேநீர் கொதிக்கும் பாத்திரத்தில் வெள்ளைப் படிவு சேர்வதுபோல், ரேடியேட்டரின் நுண்குழாய்களிலும் படிவு சேரும், குழாய் அடைபடும், எஞ்சின் சூடேறும். இக்காரின் சிலிண்டர் தலைப்பகுதி அலுமினியத்தால் ஆனது. அளவு கடந்த சூட்டில் அது வளைந்துவிடும். குடம் நீரில் தொடங்கிய சிக்கனம் எஞ்சினையே பிரிப்பதில் முடியும். காய்ச்சி வடித்த நீரும் உரிய கூலண்டும் ஊற்றுவதே முறை. போக்குவரத்து நெரிசலில் மட்டும் சூடேறி, ஓட்டத்தில் தணியுமானால், ரேடியேட்டரின் மின்விசிறி சுழல்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். சில வேளைகளில் ஒரு ஃபியூஸ் மாற்றுவதோடு குறை தீர்ந்துவிடும்.

மூன்றாவது பேட்டரி. அதன் முனைகளில் வெண்மையும் பசுமையுமாகப் பூத்திருக்கும் படிவே, காலையில் கார் கிளம்பாமைக்குப் பலமுறை காரணம். கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதனைக் கடைசியில் மாட்ட வேண்டும். காரின் உடல் முழுவதும் எதிர்முனையோடு இணைந்திருப்பதால், நேர்முனையை முதலில் கழற்றுகையில் ஸ்பேனர் உடலில் பட்டால் தீப்பொறி பறக்கும். படிவை வெந்நீரில் கரைத்த சமையல் சோடாவால் கழுவி, கரைசல் பேட்டரியின் உள்ளே புகாதவாறு பார்த்து, உலர்த்தி, இறுக்கி, சிறிது வாசலின் தடவினால் போதும். நீர் ஊற்றும் வகைப் பேட்டரியாயின், காய்ச்சி வடித்த நீரன்றி வேறு எதனையும் ஊற்றலாகாது.

நான்காவது பிளக். இக்காரில் மூன்றே பிளக்குகள். எஞ்சின் ஆறிய பின்னர் ஒவ்வொன்றாகக் கழற்றி அதன் முனையைப் பார்த்தால், சிலிண்டருக்குள் நடப்பது தெரியும். இளம் பழுப்பு நிறமாயின் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுந்தும் காற்றுக் குறைந்தும் எரிகிறது. காற்று வடிகட்டியைக் கவனிக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுபிசுப்பு இருந்தால் பிஸ்டன் வளையமோ வால்வு சீலோ தேய்ந்திருக்கலாம். வெளிறிச் சுண்ணாம்புபோல் இருந்தால் அளவு கடந்த சூடு. மீண்டும் மாட்டும்போது முதற் சுற்றுகளை விரலாலேயே திருக வேண்டும். தொடக்கத்திலேயே ஸ்பேனரால் வலிந்து திருகினால், அலுமினியத்தில் வெட்டிய மறை அழிந்துவிடும். மறை அழிந்தால் செலவு பெரிது.

ஐந்தாவது டயர். காற்றழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். பழைய காரைக் குறைவாக ஓட்டுவோர், 'பட்டை தேயவில்லையே' என்று ஏமாறுவதுண்டு. ஓடாமல் நின்றாலும் ரப்பர் முதுமை அடையும்; பக்கவாட்டில் வெடிப்புத் தோன்றும். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கங்கள் கொண்ட எண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். முதல் இரண்டும் வாரத்தையும், பின் இரண்டும் ஆண்டையும் குறிக்கும். 2319 என்றிருந்தால் அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் பிறந்த டயர். சக்கரத்தைக் கழற்றும்போது கைப்பிரேக்கை இழுத்து, எதிர்ப்புறச் சக்கரத்துக்கு முட்டுக்கல் வைத்து, நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே சிறிது தளர்த்தி, அதன் பின்னரே ஜாக்கியை ஏற்ற வேண்டும். இறுக்கும்போது எதிரெதிர் நட்டுகளை மாற்றி மாற்றி இறுக்குவது முறை.

ஆறாவது துரு. கடற்கரையூர்களில் பழைய காருக்கு எஞ்சினை விடத் துருவே பெரும்பகை. கால்விரிப்பை நீக்கித் தரைத்தகட்டை ஆண்டுக்கு இருமுறையேனும் பார்க்க வேண்டும். கதவுகளின் அடிவிளிம்பில் நீர் வடியச் சிறு துளைகள் உண்டு; அவற்றில் மண் அடைத்தால் மழைநீர் உள்ளேயே தேங்கிக் கதவை அரிக்கும். ஒரு குச்சியால் அத்துளைகளைத் திறந்துவிடுவதற்குத் தொழில் தேர்ச்சி எதுவும் வேண்டுவதில்லை.

ஏழாவது எரிபொருள் குழாய். 2025-ஆம் ஆண்டில் நம் நாட்டின் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனால் நீரை ஈர்க்கும் இயல்புடையது. அதற்கென அமையாத பழைய ரப்பர்க் குழாய்களையும் வளையங்களையும் அது நலியச் செய்யும். ஆகவே பழைய கார் வைத்திருப்போர் அக்குழாய்களை அடிக்கடி பார்த்து, வெடிப்போ கசிவோ பெட்ரோல் மணமோ கண்டால் உடனே மாற்றச் செய்ய வேண்டும். கசிவு இருக்கும் காரைக் கிளப்பிப் பார்ப்பது பேதைமை.

கையை நிறுத்த வேண்டிய இடம்

தாமே செய்துகொள்வதில் ஒரு மயக்கமும் உண்டு. ஒன்றைச் சரிசெய்தவர் எல்லாவற்றையும் சரிசெய்ய முனைவார். காரை நம்பி ஏறுவோர் நம் பெற்றோரும் பிள்ளைகளும். எதிரே வருவோர் பிறர் வீட்டுப் பிள்ளைகள். ஆதலின் பிரேக், ஸ்டியரிங், டைமிங் பெல்ட் ஆகியவற்றைப் பிரிக்கும் வேலை தேர்ந்தவர்க்கே உரியது. பிரேக் எண்ணெயின் மட்டத்தைப் பார்ப்பது உரிமையாளர் கடமை. திடீரென மட்டம் இறங்கியிருந்தால் கசிவு எனக் கொண்டு பட்டறைக்குச் சொல்ல வேண்டும். அவ்வெண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி நாளடைவில் வலுவிழக்கும் என்பதால், உரிய காலத்தில் மாற்றச் சொல்லிக் கேட்பதும் அவர் கடமையே. பழைய பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கக்கூடும். அந்தத் தூசியை வாயால் ஊதுவதோ, காற்றடித்துப் பறக்கவிடுவதோ கூடாது.

ஜாக்கி ஒன்றை மட்டும் நம்பிக் காரின் அடியில் ஒருபோதும் படுக்கலாகாது. ஜாக்கி தூக்குவதற்கு உரியது, தாங்குவதற்கு உரியதன்று. தாங்குவதற்கு உறுதியான இரும்புத் தாங்கிகள் வேண்டும். அவை இல்லாதவர் காரின் அடிப்பகுதி வேலையைப் பட்டறைக்கே விட்டுவிடட்டும். கழிவு ஆயிலைச் சாக்கடையில் ஊற்றுவோர் தம் கிணற்றில் தாமே ஊற்றுகின்றனர். அதை ஒரு கலத்தில் சேர்த்துப் பட்டறையில் ஒப்படைப்பதே முறை.

சில மறுப்புகள்

'பழைய கார் புகை கக்குவதன்றோ? அதை ஏன் காப்பாற்ற வேண்டும்?' என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. கார்புரேட்டர் காலத்துக் கார், இன்றைய புதுக் காருக்கு நிகராகத் தூய்மையாய் ஓடாது. ஆனால் அதே கார் அடைபட்ட வடிகட்டியோடும் தேய்ந்த பிளக்கோடும் ஓடுவதற்கும், செம்மையாய்ப் பேணப்பட்டு ஓடுவதற்கும் வேறுபாடு பெரிது. 15 ஆண்டு கடந்த கார்களின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை நடுவணரசு 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தியது. பழையதை வைத்திருப்பவர் அதனைத் தகுதியோடு வைத்திருக்க வேண்டும் என்னும் பொறுப்பு அதனால் கூடியிருக்கிறது. அடிச்சட்டம் துருவேறித் தளர்ந்த காரை, பாசத்தால் ஓட்டிக்கொண்டிருக்கும்படி நாம் சொல்லவில்லை. விடைகொடுக்க வேண்டிய நாளை அறிவதும் பராமரிப்பின் ஒரு பகுதியே.

'எல்லாரும் தாமே செய்துகொண்டால் மெக்கானிக்கின் பிழைப்பு என்னாவது?' என்பது மற்றொரு மறுப்பு. இதற்கு நாம் சற்று விரிவாக விடை கூற வேண்டும். பேட்டரி முனையைத் துடைப்பதாலும் டயர் அழுத்தம் பார்ப்பதாலும் எந்தப் பட்டறையும் மூடப்படாது. உண்மையில் மெக்கானிக்கைத் துன்புறுத்துபவர் தம் காரைப் பற்றி ஏதும் அறியாத உரிமையாளரே. அவர் ஆயில் வற்றி எஞ்சின் இறுகிய பின்னரே வருவார். என்ன ஒலி கேட்டது, எப்போது கேட்டது என்று சொல்ல அறியார். உதிரி உறுப்பின் மீது அச்சிட்ட விலையை மறுபேச்சின்றிக் கொடுப்பார். அதை வெயிலில் கிடந்து மாட்டிய மனிதரின் கூலியில் மட்டும் நூறு ரூபாய் குறைக்கச் சொல்வார். கண்ணுக்குத் தெரியும் பொருளுக்கு விலை உண்டு, கையின் திறமைக்கு விலை இல்லை என்பது அவர் துணிபு. ஒருமுறையேனும் தம் விரல் தோல் உரியத் துருப்பிடித்த நட்டு ஒன்றைக் கழற்றிப் பார்த்தவர் அக்கூலியில் பேரம் பேசத் தயங்குவார். தாமே செய்து பழகுவதன் பெரும்பயன் மிச்சமாகும் பணம் அன்று. உழைப்பவரின் கூலியை மதிக்கும் மனமே என்பது நம் கருத்து.

'படித்தவர் கையில் கறை படுவதா?' என்று வாய்விட்டுக் கேட்பவர் இன்று குறைவு. உள்ளத்தில் எண்ணுபவர் மிகுதி. கோவை ஜி. டி. நாயுடு அவர்களின் வாழ்வு இதற்குத் தக்க விடை. பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத அவர், இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதனைப் பகுதி பகுதியாகப் பிரித்து மீண்டும் பூட்டிப் பொறியியல் கற்றார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கினார். பின்னர்க் கோவையில் தொழிற்கல்விக்கே வித்திட்டார். அவர் கற்றதற்கு முதற்கருவி நூல் அன்று, தம் கைகளே.

பட்டறையில் இருக்கும் தமிழ்

தமிழ்த்துறை மலரில் கார் பற்றிய கட்டுரை எதற்கு என்று எண்ணுவோர்க்கும் ஒன்று சொல்லவேண்டும். நம் பட்டறைகளில் பேரறிவு ஒன்று எழுதப்படாமல் கிடக்கிறது. 'மிஸ் அடிக்கிறது', 'இழுவை இல்லை', 'காற்று வாங்குகிறது' என்று அங்கே சொல்லப்படும் ஒவ்வொரு தொடரும் ஒரு நோய்க்குறியின் துல்லியமான பெயர். திருப்புளி, குறடு, மறை, திருகாணி முதலிய நல்ல தமிழ்ச் சொற்கள் அகராதியில் உறங்கவில்லை. அங்கே அன்றாடம் உழைக்கின்றன. அவற்றின் அருகே பிளக்கும் கிளட்சும் ஜாக்கியும் தயக்கமின்றி நின்று தமிழ் வேற்றுமை உருபுகளை ஏற்கின்றன.

இவ்வறிவு இதுவரை கைமாறிய வழி எது? எட்டு வயதிலும் பத்து வயதிலும் பள்ளியை விட்டு, ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் சிறுவனாய்ப் பட்டறையில் சேர்ந்தவர், பத்தாண்டு பார்த்தும் கேட்டும் அடிபட்டும் கற்றார். இன்று தலை நரைத்திருக்கும் தேர்ந்த மெக்கானிக்குகள் பலரின் வரலாறு இதுவே. அந்த வழி அடைபட வேண்டியதே. 14 வயது நிரம்பாதவரை, குடும்பத் தொழிலில் உதவுதல் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்று 2016-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் விதித்தது. பிள்ளைகளின் கல்வியை விலையாகக் கொடுத்துத் தொழிலறிவைக் காக்கும் கொடுமை நமக்கு வேண்டா. ஆனால், பழைய வழியை அடைத்த சமுதாயம் புதிய வழியைத் திறந்தாக வேண்டும். இல்லையேல் அவ்வறிவு அம்முதியவர்களோடு மறைந்துபோம்.

பொருளைச் செம்மை செய்யும் உரிமை பற்றிய பேச்சு இன்று உலகெங்கும் எழுந்துள்ளது. நம் நடுவணரசும் 2022 ஜூலையில் இதற்கென ஒரு குழுவை அமைத்தது. அக்குழு எடுத்துக்கொண்ட துறைகளுள் மோட்டார் வாகனமும் ஒன்று. உற்பத்தியாளர் கைநூலையும் உதிரி உறுப்பையும் தர வேண்டும் என்பது அவ்வுரிமையின் ஒரு பாதி. தந்த கைநூலைத் தம் மொழியில் படித்துச் செய்யத் தெரிந்த மக்கள் இருக்க வேண்டும் என்பது மறுபாதி. முதற்பாதியை அரசு பார்க்கட்டும். மறுபாதி கல்விக்கூடங்களின் பொறுப்பு.

நம் வேண்டுகோள்

மாணவர்க்கு ஒன்று: உங்கள் ஊரில் நெடுநாள் தொழில் செய்யும் மெக்கானிக் ஒருவரிடம் விடுமுறையில் சென்று அமருங்கள். அவர் சொல்லும் சொற்களையும், அவை குறிக்கும் உறுப்புகளையும், அவர் பழுதறியும் முறையையும் அவர் சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் பத்து மாணவர் இதனைச் செய்தால், சில ஆண்டுகளில் பட்டறைத் தமிழுக்கு ஓர் அகராதியும், எளிய பராமரிப்புக்கு ஒரு நல்ல கைநூலும் உருவாகும். முனைவர் பட்டத்துக்கும் அது தகுந்த பொருளே.

ஆசிரியர்க்கு ஒன்று: ஆண்டில் ஒருநாள் கல்லூரி முற்றத்தில் ஒரு பழைய காரை நிறுத்தி, அந்த மெக்கானிக்கை விருந்தினராக அழைத்து, மேடையில் மற்ற அறிஞர்க்கு அளிக்கும் மதிப்பையும் மதிப்பூதியத்தையும் அவருக்கும் அளித்துப் பாடம் நடத்தச் செய்யலாம். மாணவியரும் அவ்வகுப்பில் கட்டாயம் இருக்க வேண்டும். வண்டி ஓட்டும் பெண்கள் பெருகிய இக்காலத்தில், இரவில் நடுவழியில் டயர் பஞ்சரானால் யாரேனும் வருவாரோ என்று அவர்கள் காத்துநிற்கும் நிலை நீங்கட்டும்.

பெரியோர்க்கு ஒன்று: வீட்டில் பழைய கார் இருந்தால் அதை விற்பதற்கு முன்னர், பேரப்பிள்ளைகளை அழைத்து முன்மூடியைத் திறந்து காட்டுங்கள். ஆயில் அளவுகோலை அவர்கள் கையில் கொடுங்கள். அவர்கள் சட்டையில் கறை பட்டால் கடிந்துகொள்ளாதீர்கள். அது துவைத்தால் போய்விடும்.